விளக்கின் எஜமானர் யார்?



சபை ஒன்றில் விளக்கைப் பற்றி ஒருவர் பேசப் போகிறார் என்றால், அது ஞான விளக்காகவோ நந்தா விளக்காகவோ இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நான் பேச வந்திருப்பது கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்மார்ட் பல்பைப் பற்றி. அதிலும், அதற்குள் குடியிருக்கும் ஃபர்ம்வேர் என்னும் அடிப்படை மென்பொருளை அகற்றிவிட்டு, யாரும் படிக்கவும் திருத்தவும் உரிமையுள்ள வேறொன்றை அந்த இடத்தில் அமர்த்தும் வித்தையைப் பற்றி. இது பொழுதுபோக்காகச் செய்யும் இளைஞர்களின் காரியமென்று பலர் கருதுகிறார்கள். அப்படிக் கருதுவதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அந்தப் பொழுதுபோக்குக்குள்ளே, பணம் கொடுத்து வாங்கிய பொருளின்மீது வாங்கியவருக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்னும் பெரிய நியாயப் பிரச்சினை ஒன்று அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் அந்தப் பல்பைத் திறந்து பார்ப்போம். பால்நிற மூடியைக் கழற்றினால், எல்.இ.டி.கள் பதித்த அலுமினியத் தகடு ஒன்று தெரியும். அதற்கு அடியில், வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை அவற்றுக்கு ஏற்றவாறு குறைத்துக் கொடுக்கும் டிரைவர் இருக்கும். அதன் அருகே, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய தகடொன்றில் வைஃபை சிப் அமர்ந்திருக்கும். ஷாங்காய் நகரத்து எஸ்பிரெஸிஃப் நிறுவனம் 2014-ஆம் ஆண்டு உலகுக்கு அறிமுகப்படுத்திய ஈ.எஸ்.பி. 8266 என்ற சிப்தான் நெடுநாள் இந்த இடத்தைப் பிடித்திருந்தது. வினாடிக்கு 8 கோடி துடிப்புகளில் ஓடும், வைஃபையும் தன்னுள் கொண்ட ஒரு முழுக் கணிப்பொறி அது. அதற்குத் துணையாகப் பெரும்பாலும் ஒரு மெகாபைட் நினைவகம் இருக்கும். விளக்கை ஏற்றி அணைக்க இத்தனை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக் கூடிய விடை ஒன்றுதான். இத்தனையும் மிக மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது என்பதே அதற்கான காரணம்.

அந்தக் கணிப்பொறி யாருடைய சொல் கேட்டு நடக்கிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் பிராண்டின் பெயர் எதுவாயினும், உள்ளே சிப்பைத் தாங்கியிருக்கும் தகடு, ஃபர்ம்வேர், கைப்பேசிச் செயலி, தொலைதூரத்து சர்வர் ஆகிய யாவற்றையும் ஹாங்ஜோ நகரில் 2014-இல் தொடங்கிய டுயா போன்ற ஒரே நிறுவனம் வழங்கியிருப்பது சர்வ சாதாரணம். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, தலைக்குமேல் எரியும் விளக்கை அணைக்க நீங்கள் கைப்பேசியைத் தொட்டால், அந்த உத்தரவு கடல் கடந்து எங்கோ ஒரு சர்வருக்குச் சென்று, அங்கே பதிவாகி, அங்கிருந்து திரும்பி உங்கள் கூடத்துக்கு வருவதுண்டு. சில பல்புகள் செயலியோடு வீட்டுக்குள்ளேயே நேரே பேசவும் வல்லவை; ஆயினும் அந்தப் பேச்சுக்கு வேண்டிய சாவியை முதன்முதலில் வழங்குவது அந்தச் சர்வர்தான். அதன் அனுக்கிரகம் இன்றேல் பல்பு உங்களை அறியாது.

அனுக்கிரகம் திரும்பப் பெறப்படுமா என்று ஐயுறுகிறவர்கள் இரண்டு சம்பவங்களை நினைத்துப் பார்க்கலாம். ரிவால்வ் என்ற பெயரில், வீட்டின் விளக்குகளையும் பூட்டுகளையும் ஒன்று சேர்த்து ஆளும் பெட்டி ஒன்று அமெரிக்காவில் 300 டாலருக்கு விற்கப்பட்டது. அந்நிறுவனத்தை 2014-இல் நெஸ்ட் நிறுவனம் விலைக்கு வாங்கியது. 2016 மே மாதத்தில் அதன் சர்வர்களை நிறுத்திவிட்டது. பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. ஆயினும் அன்றுமுதல் அது எதற்கும் பயன்படவில்லை. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற மற்றொரு அமெரிக்க நிறுவனம், வாடிக்கையாளர்களுக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல் தன் சர்வர்களை அணைத்தது. தம் வீட்டு விளக்குகள் செயலியின் சொல்லுக்கு மசியாததைக் கண்ட பிறகே, நிறுவனம் மூழ்கிவிட்டது என்று பலர் அறிந்துகொண்டார்கள். சில வாரங்களில் அந்த வாடிக்கையாளர்களில் சிலரே ஒன்றுகூடி நிறுவனத்தை வாங்கி உயிர்ப்பித்தார்கள் என்பது மகிழ்ச்சியான முடிவுதான். விளக்கைத் திரும்பப் பெறக் கம்பெனியை வாங்கும் வசதி எல்லோருக்கும் வாய்க்காது.

பல்பு செய்கிறவர்கள் பல்பின் ஆயுளைத் தாமே நிர்ணயிப்பது புதிய வழக்கமும் அன்று. 1924 டிசம்பரில் ஜெனீவாவில் ஆஸ்ராம், ஃபிலிப்ஸ் முதலிய பெரிய உற்பத்தியாளர்கள் கூடி, ஃபீபஸ் என்ற பெயரில் ஒரு கூட்டு ஏற்படுத்திக்கொண்டு, சாதாரண வீட்டு பல்பு ஆயிரம் மணி நேரம் எரிந்தால் போதுமென்று முடிவு செய்தார்கள். அதற்கு மேலும் எரியும் பல்பைச் செய்தவர்களுக்கு அபராதம் விதிக்க அட்டவணையும் வகுத்தார்கள். இழை நீண்ட நாள் தாங்கினால் வெளிச்சம் மங்கி மின்சாரம் வீணாகும் என்று அவர்கள் சொன்ன சமாதானத்தில் ஓரளவு உண்மை உண்டென்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆனால் அக்கூட்டத்தார் எவ்வளவு சாமர்த்தியசாலிகளாயினும், ஒரு முறை விற்ற பல்பை வீடு தேடிவந்து அவர்களால் அணைக்க முடிந்ததில்லை. அந்தச் சக்தி நம் காலத்து விற்பனையாளருக்கே கிடைத்திருக்கிறது.

இதற்கு மாற்றாக எழுந்தவற்றுள் தலையாயது டாஸ்மோட்டா. நெதர்லாந்தைச் சேர்ந்த தியோ அரெண்ட்ஸ் என்பவர், சோனாஃப் என்ற மலிவான வைஃபை ஸ்விட்சுக்காக 2016-இல் எழுதத் தொடங்கிய ஃபர்ம்வேர் அது. இன்று எண்ணற்ற வகைப் பல்புகளிலும் பிளக்குகளிலும் ஓடுகிறது. ஈ.எஸ்.பி.ஹோம், ஒளி நடனம் ஆடும் பட்டைகளுக்கான டபிள்யூ.லெட் முதலியவையும் உண்டு. டாஸ்மோட்டா ஏற்றிய பல்பு, உத்தரவுக்காக வெளியே எந்தச் சர்வரையும் நாடுவதில்லை. தன்னுள்ளேயே ஒரு சிறு வலைப்பக்கத்தை வைத்துக்கொண்டு, வீட்டு ரூட்டரில் இணைந்த எந்தக் கணிப்பொறியிலிருந்தும் உத்தரவை ஏற்கும். வெண்மையின் குளிர்ச்சியையும் வெதுவெதுப்பையும் 153 முதல் 500 வரையிலான ஓர் எண்ணால் நீங்கள் சொல்லலாம். 153 என்பது பகல் வெள்ளை, 500 என்பது அகல் விளக்கின் மஞ்சளுக்கு அணித்தான நிறம். வெளியே இணையம் அறுந்துபோனாலும் உள்ளே விளக்கு எரியும், அணையும். குறித்த மணிக்கு ஏற்றவும் அணைக்கவும் சொல்லி வைக்கலாம். ஆனால் பல்புக்குள் பாட்டரி வைத்த கடிகாரம் கிடையாதாகையால், மின்சாரம் போய் வந்தபின் மணி என்னவென்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். அதை உங்கள் ரூட்டரே சொல்லும்படி அமைத்துக்கொள்ளலாம்.

ஏற்றும் முறைகள் இரண்டு. முதலாவது கம்பி வழி. சிப்புக்கு 3.3 வோல்ட், தரை, பேசும் முனை, கேட்கும் முனை ஆகிய நான்கையும் சால்டரிங் செய்து கணிப்பொறியோடு பிணைத்து, பூஜ்ய எண் முனையைத் தரையோடு தொட்டுவைத்தபடி மின்சாரம் கொடுத்தால், பழைய ஃபர்ம்வேர் விழிக்காமல், புதியதை எழுதிக்கொள்ளச் சிப்பு காத்திருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கையை நான் அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். மலிவான பல்புகளின் டிரைவரில் மின்சார லைனுக்கும் சிப்புக்கும் நடுவே தடுப்பு ஏதும் இருப்பதில்லை. ஆகையால் பல்பு ஹோல்டரில் இருக்கும்போது, சிப்பின் ‘தரை’ என்று நாம் பெயரிட்ட முனையிலேயே உயிரைக் குடிக்கும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கலாம். கம்பி பிணைத்த பல்பை ஹோல்டரில் மாட்டுகிறவர் கணிப்பொறியை மட்டுமல்ல, தம்மையும் இழக்க நேரும். மேசைமீது, வேறு சிறு மின்மூலத்தால் மட்டுமே இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

இரண்டாவது முறையின் சரித்திரம் சுவையானது. அதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன். புதுப் பல்பு ஒன்று வீட்டுக்கு வருகிறது. உங்கள் வைஃபையின் கடவுச்சொல் அதற்குத் தெரியாது. கடவுச்சொல் தெரியாமல் அந்த வலைக்குள் அது நுழைய முடியாது. நுழையாமல் கடவுச்சொல்லை அதற்குச் சொல்வது எப்படி? எழுத்துப் பொத்தான்களோ திரையோ அதற்கில்லை. இந்தச் சிக்கலை அவிழ்க்கப் பொறியாளர்கள் கண்ட யுக்தி அபாரமானது. காற்றில் செல்லும் செய்திகளை மறைகுறி காரணமாகப் பல்பு படிக்க முடியாது என்றாலும், ஒவ்வொரு செய்தியும் எத்தனை நீளம் என்பதை அதனால் அளக்க முடியும். ஒட்டிய கடித உறையைப் பிரிக்க உரிமையில்லாத அஞ்சற்காரர், உறையின் கனத்தைக் கையில் ஏந்தி உணர்வது போன்றது இது. ஆகவே கைப்பேசிச் செயலி, பொருளற்ற செய்திகளைப் பற்பல நீளங்களில் வரிசையாக ஒலிபரப்பும். அந்த நீளங்களின் வரிசையே கடவுச்சொல்லாக இருக்கும். பல்பு நீளங்களை எண்ணி எழுத்துகளாக மாற்றிக்கொண்டு வலைக்குள் நுழைந்துவிடும். ஸ்விட்சை மூன்று முறை சட்சட்டென்று போட்டு அணைத்தால் பல்பு கண் சிமிட்டத் தொடங்குகிறதே, அது இந்த நீளங்களுக்காகக் காது கொடுத்துக் காத்திருக்கும் நிலைதான். மின்சாரம் வந்து வந்து போகும் ஊர்களில், நள்ளிரவில் பல்பு தானாகவே சிமிட்டத் தொடங்கி வீட்டாரைக் கலவரப்படுத்துவதற்கும் காரணம் இதுவே.

இந்த யுக்தியில் பல்பு ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிட்டது: கடவுச்சொல்லைச் சொல்பவர் யார்? 2018 டிசம்பரில் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் நடந்த கணினி வல்லுநர் மாநாட்டில், வி-டிரஸ்ட் நிறுவனத்தைச் சேர்ந்த மிக்கேல் ஷ்டைகர்வால்ட் இதை மேடையிலேயே விளக்கிக் காட்டினார். வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லைப் பல்பு தன் நினைவகத்தில் மறைக்காமல் அப்படியே எழுதி வைத்திருப்பதையும், புதிய ஃபர்ம்வேர் என்று சொல்லி எதைக் கொடுத்தாலும், கொடுத்தவரின் கையொப்பத்தைச் சோதிக்காமல் அது விழுங்கிவிடுவதையும் அவர் எடுத்துரைத்தார். அதைத் தொடர்ந்து டுயா-கன்வெர்ட் என்ற கருவி வெளிவந்தது. ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு சிறு கணிப்பொறி பொய்யான வைஃபை ஒன்றைப் பரப்பும். நீளங்களின் பாஷையில் பல்பை அழைத்துத் தன்னோடு இணைத்துக்கொள்ளும். உன் சர்வர் நான்தான் என்று சொல்லும். புதிய ஃபர்ம்வேர் வந்திருக்கிறது, வாங்கிக்கொள் என்று உத்தரவிடும். பல்பு பணிவோடு வாங்கிக்கொள்ளும். பழையதன் பிரதியைக் கணிப்பொறி பத்திரப்படுத்திவிட்டு, டாஸ்மோட்டாவை உள்ளே அனுப்பும். ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமல், பல்பின் மூடியைக் கழற்றாமல் எல்லாம் முடிந்துவிடும்.

உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் இம்முறையைக் கையாண்டார்கள். ஆனால் அவர்கள் தம் சொந்தப் பொருளுக்குள் நுழைந்த வழி, ஒரு பாதுகாப்புக் குறைபாடு. உரிமையாளர் அதன் வழியே நுழையலாம் என்றால், பக்கத்து வீட்டு வம்பனும் நுழையலாம். பழைய பல்புகளை வாங்கி, விற்கும்முன் உள்ளே விஷமத்தை ஏற்றி அனுப்புகிறவனும் நுழையலாம். இது வெறும் கற்பனை என்று சொல்ல முடியாது. 2016-இல் எயால் ரோனன், கோலின் ஓஃப்ளின், ஆடி ஷமீர் முதலிய ஆராய்ச்சியாளர்கள், ஃபிலிப்ஸ் ஹியூ பல்புகளில் ஒன்றைக் கெடுத்தால், அது வானொலி வழியே அடுத்த பல்பைக் கெடுக்க, அது அதற்கடுத்ததைக் கெடுக்க, தொற்றுநோயாக ஒரு நகரம் முழுதும் பரவக் கூடும் என்று காட்டினார்கள். ஒரு வகைப் பல்புகள் அனைத்துக்கும் ஒரே ரகசியத் திறவுகோலை வைத்திருந்ததே அதற்கு ஏதுவாயிற்று. ஆகவே டுயா தன் ஃபர்ம்வேரைத் திருத்தி, டுயா-கன்வெர்ட் நுழைந்த ஓட்டையை அடைத்தபோது, அது தவறு செய்ததென்று யாரும் குறை சொல்ல இயலாது. ஓட்டை அடைபட்டது, உரிமையாளரும் வெளியே நிறுத்தப்பட்டார். அதோடு ஈ.எஸ்.பி. சிப்புகளின் இடத்தில் பீக்கென் என்ற வேறொரு நிறுவனத்தின் சிப்புகளும் வரத் தொடங்கின. ஆர்வலர்கள் ஓயவில்லை, அந்தச் சிப்புக்கென்று ஓப்பன்பீக்கென் என்ற ஃபர்ம்வேரை எழுதினார்கள், அந்தச் சிப்பில் ஓடும் டுயாவின் ஃபர்ம்வேரிலும் வேறொரு பிழையைக் கண்டுபிடித்து, டுயா-கிளவுட்கட்டர் என்ற கருவியைச் செய்தார்கள். அந்தப் பிழையும் புதிய பல்புகளில் திருத்தப்படுகிறது. இப்படி, ஒரு பக்கம் அடைப்பதும் மறு பக்கம் துளைப்பதுமாக இந்த ஆட்டம் நடக்கிறது.

இதை வீர விளையாட்டாகக் கொண்டாடுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. தம் காசு கொடுத்து வாங்கிய விளக்குக்குள் பிழையின் தயவால் நுழைய வேண்டிய நிலை, உரிமையாளருக்கு ஓர் அவமரியாதை. பாதுகாப்பும் உரிமையும் ஒன்றுக்கொன்று பகையென்று சொல்கிறவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள்: அந்நியருக்குக் கதவை அடைத்துவிட்டு உரிமையாளருக்கு ஒரு திறவுகோலைக் கொடுப்பது பொறியியலில் கடினமான காரியமே அன்று. பல்புக்குள் கம்பி இணைக்க நான்கு துளைகளை விட்டு வைப்பதும், அவை எவை என்பதைக் காகிதத்தில் அச்சிட்டுக் கொடுப்பதும் போதும். பல்பைக் கையில் வைத்திருப்பவரே அதைத் திறக்க முடியுமாகையால், தெருவில் நிற்கும் திருடனுக்கு அதனால் லாபமில்லை.

இந்த வழக்கு பல்பில் தொடங்கியதும் அன்று. 2002 இறுதியில் லிங்க்சிஸ் நிறுவனம் வெளியிட்ட டபிள்யூ.ஆர்.டி. 54-ஜி என்ற ரூட்டருக்குள் லினக்ஸ் என்னும் திறந்த இயங்குதளம் ஓடுவது கண்டுபிடிக்கப்பட்டது. லினக்ஸின் உரிமமோ ஜி.பி.எல்.; அதைப் பயன்படுத்தி ஒரு பொருளை விற்றால், மூலநிரலையும் வெளியிட வேண்டுமென்பது அதன் நிபந்தனை. கேட்டவர்களின் வற்புறுத்தலால் 2003-இல் நிறுவனம் நிரலை வெளியிட்டது, அதிலிருந்து ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. பிறந்தது, அந்த வரிசை ரூட்டரும், திறந்திருந்த காரணத்தாலேயே, பல்லாண்டுகள் விற்பனையாகிக்கொண்டிருந்தது. இதற்கு மாறாக, டிவோ என்ற தொலைக்காட்சிப் பதிவுப்பெட்டியின் உற்பத்தியாளர், நிரலை வெளியிட்டு நிபந்தனையை எழுத்தளவில் நிறைவேற்றிவிட்டு, திருத்திய நிரல் பெட்டிக்குள் ஓடாதபடி பூட்டிவைத்தார். இந்தத் தந்திரத்துக்கு விடையாகத்தான் 2007-இல் வந்த ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு, வீட்டு உபயோகப் பொருளை விற்பவர், திருத்திய மென்பொருளை அதில் நிறுவத் தேவையான தகவலையும் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. டாஸ்மோட்டா அந்த மூன்றாம் பதிப்பின்கீழ் வெளிவருகிறது. ஆனால் உரிமம் தன்னை எடுத்து விற்பவரைத்தான் கட்டுப்படுத்தும். டுயா எழுதிய சொந்த ஃபர்ம்வேரை அது தீண்டாது. அங்கே நமக்குத் துணை நிற்கக் கூடியவை சட்டமும் சந்தையும் மட்டுமே.

உரிமை வந்தால் பொறுப்பும் உடன் வரும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஃபர்ம்வேரை மாற்றிய நாளிலேயே உத்தரவாத அட்டை பெரும்பாலும் செல்லாததாகிவிடும். பல பல்புகளில் வண்ண எல்.இ.டி.களையும் வெள்ளை எல்.இ.டி.களையும் ஒரே சமயத்தில் முழு வீச்சில் எரித்தால் டிரைவர் தாங்காமல் சூடேறும். உற்பத்தியாளரின் ஃபர்ம்வேர் அப்படி எரிய விடாது. நீங்கள் அமைத்த ஃபர்ம்வேரோ, நீங்கள் சொன்னபடி எரிக்கும். எந்த முனை சிவப்பு, எந்த முனை பச்சை என்பதைச் சொல்லும் அமைப்பு, உங்கள் பல்பின் மாடலுக்கு உரியதுதானா என்று சரிபார்த்து இட வேண்டும். டாஸ்மோட்டாவிலும், ஸ்விட்சைப் பலமுறை அடுத்தடுத்துப் போட்டு அணைத்தால் அமைப்பெல்லாம் அழிந்து தொடக்க நிலைக்குத் திரும்பும் ஒரு மீட்பு வழி உண்டு. மின்தடை மிகுந்த ஊரில் அது விபரீதமாகுமாகையால், அதை நிறுத்திவைக்கவும் ஓர் உத்தரவு இருக்கிறது. வலைப்பக்கத்துக்குக் கடவுச்சொல் இடாமல் விட்டு, வெளி உலகத்துக்கு அதைத் திறந்தும் வைப்பவர், பழைய நிலையைவிட மோசமான நிலையைத் தாமே தேடிக்கொள்கிறார். இவற்றையெல்லாம் செய்ய முடியாதவர்கள், செய்ய விருப்பமில்லாதவர்கள், இந்தச் சபையிலும் வெளியிலும் மிகப் பலர். அதை அவர்களுடைய குறையென்று நான் கருதமாட்டேன். மின்பொறியியல் படித்த பிறகுதான் விளக்கேற்ற வேண்டுமென்று யாரும் விதிக்க முடியாது.

அவர்களுக்கும் வழியிருக்கிறது. டாஸ்மோட்டாவையோ ஈ.எஸ்.பி.ஹோமையோ ஏற்றியே விற்கும் ஏதோம் போன்ற உற்பத்தியாளர்கள் வந்துவிட்டார்கள். வைஃபையை நாடாமல், வீட்டுக்குள்ளேயே ஒரு சிறு பெட்டியோடு பேசும் ஜிக்பி பல்புகள் உண்டு. பெரிய நிறுவனங்கள் பலவும் கூடி 2022 அக்டோபரில் வெளியிட்ட மேட்டர் என்னும் பொது நெறி, உத்தரவுகள் வீட்டுக்குள்ளேயே செல்வதற்கு வழி செய்கிறது; அது ஃபர்ம்வேரைத் திறந்து வைப்பதில்லை என்றாலும், சர்வர் அணைந்த அன்று விளக்கும் அணைந்துபோகும் துயரத்தையாவது குறைக்கும்.

ஆகையால் உங்களிடம் நான் வேண்டிக்கொள்வது இவ்வளவே. அடுத்த முறை இத்தகைய பல்பு வாங்கும்போது, எத்தனை வாட், எத்தனை நிறம் என்று கேட்டபின், இணையம் இல்லாமல் இது எரியுமா, கம்பெனி மூடிவிட்டால் இது என்னவாகும் என்ற இரண்டு கேள்விகளையும் கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குப் பெரும்பாலும் விடை தெரியாது. தெரியாதென்று அவர் தம் மொத்த வியாபாரியிடமும், மொத்த வியாபாரி கம்பெனிக்காரரிடமும் கேட்க நேரும்வரை, வாங்குகிறவர்கள் நாம் எல்லோரும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.